பண்ணைப்புரத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவே: இளையராஜாவின் மேடைக் காலம்

(திரையில்: தேனி மாவட்ட வரைபடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒரு சிறு புள்ளி.)

சின்ன வயதில் அம்மா பாடிய நாட்டுப்பாடல், பிறகு சென்னையில் கற்ற மேற்கத்திய இசை; இரண்டையும் கூட்டினால் இளையராஜா. இந்தக் கணக்கை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நடுவே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் விடுபட்டுப் போகின்றன. அந்தப் பத்து ஆண்டுகளில்தான் அவர் இசைக்கலைஞர் ஆனார் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்த வீடியோவில் பெரும்பகுதி அந்தக் காலத்தைப் பற்றியே.

முதலில் ஊர். அன்றைய மதுரை மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஞானதேசிகன். பிறகு வழக்கில் நிலைத்தது ராசையா. தாய் சின்னத்தாய் பாடிக் கேட்ட பாட்டுகளை இன்றுவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். எட்டாம் வகுப்போடு படிப்பு தடைப்பட்டது. வைகை அணை கட்டும் இடத்தில் கூலி வேலைக்கும் போயிருக்கிறார்.

(திரையில்: ஆர்மோனியம். துருத்தியின் மேல் ஒரு கை, கட்டைகளின் மேல் ஒரு கை.)

வீட்டில் ஓர் ஆர்மோனியம் இருந்தது. அது அண்ணன் பாவலர் வரதராசனுடையது. தம்பிகள் அதைத் தொட்டால் அடி விழும். ஆகவே அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத்தான் ராசையா அதில் கை வைத்தார்.

இந்த அண்ணனைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரப் பாடகர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிடம் போய்ச் சேர மேடைப் பேச்சை விட வரதராசனின் பாட்டு உதவியது. காங்கிரஸின் அன்றைய சின்னமான இரட்டைக் காளையைக் கேலி செய்து அவர் கட்டிய பாட்டு மலை முழுக்கப் பரவியது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார்.

வரதராசனின் முறை எளிது: ஊரே முணுமுணுக்கும் ஒரு திரைப்பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்வார், அதில் கூலி, விலைவாசி, தேர்தல் என்று புதுச் சொற்களைப் பொருத்துவார். மெட்டு ஏற்கெனவே கூட்டத்தின் வாயில் இருப்பதால், சொல் நேராக உள்ளே போகும்.

இந்தக் குழுவில்தான் சிறுவன் ராசையா சேர்ந்தார். முதலில் அவருக்குக் கிடைத்த வேலை பெண் குரலில் பாடுவது. பிறகு மகரக்கட்டு உடைந்தது. பெண் குரல் போனபின் மேடையில் அவருக்கு என்ன இடம்? ஆர்மோனியம்தான். திருட்டுத்தனமாகப் பழகிய கை அப்போது துணைக்கு வந்தது.

(திரையில்: தெருமுனை மேடை, ஒலிபெருக்கி, பெட்ரோமாக்ஸ் விளக்கு. வரைபடமாக.)

இப்போது இசைக்குள் கொஞ்சம் போவோம். திரைப்பாட்டில் வயலின் வரிசை ஒலிக்கும், புல்லாங்குழல் வரும், சரணத்துக்கு முன் ஓர் இடையிசை பாய்ந்து போகும். மேடையில் இருப்பதோ ஓர் ஆர்மோனியமும் தாளத்துக்குச் சில கைகளும். ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். மீதம் ஐந்து விரல்கள். முழு வாத்தியக் குழுவையும் அந்த ஐந்து விரல்களுக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் எந்தச் சுரத்தை விட்டாலும் பரவாயில்லை, எந்தச் சுரத்தை விட்டால் பாட்டே செத்துவிடும் என்று காது தீர்மானிக்க வேண்டும். குறிப்புத்தாள் கிடையாது, வானொலியில் கேட்டதை மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிற்காலத்தில் இளையராஜாவின் இடையிசைகளில் ஒரு சுரம்கூட வீணாக இல்லை என்று வியக்கிறோமே, அந்தச் சிக்கனத்தின் தொடக்கத்தை நான் இந்த மேடைகளில்தான் கேட்கிறேன்.

இன்னொன்று, சந்தம். அறிந்த மெட்டில் அறியாத சொல்லைப் பொருத்தும்போது குறிலும் நெடிலும் பிசகினால் நாக்கு தடுக்கும். கூட்டம் உடனே அதை உணரும். மெட்டுக்குச் சொல் எப்படி உட்காருகிறது என்பதை இரவுக்கிரவு பக்கத்திலிருந்தே பார்த்த பையன் அவர்.

மேடை வாழ்க்கை சுகமானது அல்ல. இரவெல்லாம் பாட்டு, பகலெல்லாம் பயணம். ஆயினும் அண்ணன்மாரான வரதராசன், பாஸ்கர், தம்பி அமர்சிங் ஆகியோருடன் தென் மாவட்டங்கள் முழுக்க அவர் சுற்றினார். அமர்சிங்கைத்தான் பிறகு நாம் கங்கை அமரன் என்று அறிந்தோம். அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவின் நாடகங்களுக்கு இசை அமைத்துப் பழகியதும் அந்த ஆண்டுகளில்தான்.

(திரையில்: பழைய வால்வு ரேடியோ.)

1968-இல் சென்னைக்குப் புறப்பட முடிவானபோது கையில் பணம் இல்லை. சின்னத்தாய் வீட்டிலிருந்த ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார். தனக்கென்று ஒரு ரூபாய்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்று இளையராஜா மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் சினிமா இசைக்கு இருந்த ஒரே பள்ளிக்கூடம் அந்த ரேடியோ. அதைக் கொடுத்துத்தான் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு வழிச்செலவு கிடைத்தது.

அந்தப் பள்ளிக்கூடம் மயிலாப்பூரில், ஒரு விடுதி அறையில் இருந்தது. ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டர். ராசையா அங்கே ராஜா ஆனார். பியானோவும் கிட்டாரும் மேற்கத்திய இசைக்குறிப்பும் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வை எழுதினார். காது வழியே பல வருடம் சேர்த்து வைத்ததைத் தாளில் எழுதும் வழி அவருக்குக் கிடைத்தது இங்கேதான். அதன் பிறகு இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. கன்னடப் படங்கள் ஏராளம். அந்தக் கதை பெரியது, வேறொரு வீடியோவுக்கு உரியது.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. தயாரிப்பாளர் பஞ்சு அருணாசலம் ராஜாவுக்கு முன்னால் 'இளைய' என்று சேர்த்தார். ஊர் ஊராக அந்தப் பாட்டுகள் ஒலிபெருக்கியில் முழங்கின. அதைக் கேட்கப் பாவலர் வரதராசன் உயிரோடு இல்லை. பின்னர் குடும்பத்தினர் படத் தயாரிப்பில் இறங்கியபோது நிறுவனத்துக்கு வைத்த பெயர்: பாவலர் கிரியேஷன்ஸ்.