கேட்டுவிட்டுக் கேளுங்கள்

நடுவர் அவர்களே, கோத்தகிரிப் பெரியோர்களே, வணக்கம். இசை விமர்சகர், தன் பாட்டைத் தானே வெளியிடும் தனிக் கலைஞரிடம் இலவசமாக இசைத்தட்டு கேட்பது உரிமையா, உபத்திரவமா? உபத்திரவம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

'மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்பவும்' என்று நம் பத்திரிகைகள் காலங்காலமாகப் போடவில்லையா என்றார் எதிரணி அண்ணன். போட்டார்கள். ஆனால் அண்ணே, அங்கே அனுப்பியவர் ஆயிரம் பிரதி அச்சடித்த பதிப்பாளர். இங்கே பாடுகிறவனே பதிப்பாளன், பார்சல் கட்டுகிறவனும் அவனே.

என் அக்கா மகன் பச்சைத் தேயிலை விற்ற காசில், ஆறு படுக மொழிப் பாட்டுகளை 200 தட்டு போட்டான். ஒரு விமர்சகர் எழுதினார்: இரண்டு பிரதி வேண்டும், ஒன்றில் கையெழுத்து வேண்டும். பாட்டைக் கேட்டதாக ஒரு வரி இல்லை. எந்த இதழில், எப்போது வரும் என்பதும் இல்லை. பையன் மழையில் உறை நமுத்துவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் சுற்றி, 12 அங்குலத் தட்டின் மூலை மடங்காதபடி அட்டைப்பெட்டியை வெட்டி இருபுறமும் வைத்துக் கட்டினான். தபால் செலவும் அவனுடையதுதான். எட்டு மாதம் ஆயிற்று. விமர்சனம் எழுதாததைக்கூட நான் குறை சொல்லமாட்டேன், அது அவர் விருப்பம். 'வந்து சேர்ந்தது' என்று ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?

இணையத்தில் சம்பாதிக்கட்டுமே என்பீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை ஓடாவிட்டால் அதற்குக் காசே கிடையாது. அப்புறம் தட்டு விற்றுத்தானே அடுத்த பாட்டு?

இந்த மலையில் இசையை யாரும் சும்மா வாங்கியதில்லை, நடுவர் அவர்களே. அந்தக் காலத்தில் படுகர் வீட்டுச் சாவுக்கும் சடங்குக்கும் இதே மலையின் பழங்குடியினரான கோத்தர்கள் வந்து வாசித்தார்கள். படுகர்கள் தானியம் கொடுத்தார்கள்.

விமர்சகர் கேட்கவே கூடாதா? கேட்கலாம். முதலில் பாட்டைக் கேளுங்கள். எங்கே எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள். லிங்க் போதும் என்று சொல்லுங்கள், அதை அனுப்ப அவனுக்குக் காசு செலவில்லை. எழுத முடியாமல் போனால் அதையும் சொல்லிவிடுங்கள்.

போன வாரம் இன்னொருவர் எழுதியிருந்தார். நான்காம் பாட்டில் குழல் நின்றபின் வரும் மூச்சுச் சத்தத்தை வேண்டுமென்றே விட்டீர்களா என்று கேட்டு, லிங்க் இருந்தால் போதும் என்றிருந்தார். பையன் அவருக்குத் தட்டையே கட்டிக்கொண்டிருக்கிறான். தபால் செலவு நான் கொடுத்தேன்.