பேர்போன தலைமையாசிரியர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பிரிவு உபசார விழாவில் என் மாணவன் ஆங்கிலத்தில் பேசினான். தலைமையாசிரியரைப் புகழ நினைத்து, ‘நமது நொட்டோரியஸ் தலைமையாசிரியர்’ என்றான். அகராதியில் ‘பேர்போன’ என்று பார்த்து வைத்திருக்கிறான். திருட்டுக்கும் மோசடிக்கும் பேர்போனவரைச் சொல்கிற சொல் அது. தலைமையாசிரியர் புன்னகை மாறாமல் அமர்ந்திருந்தார். அவர் கணக்கு ஆசிரியர்.

பிழை அவனுடையது அல்ல. தினம் பத்துச் சொல் என்று பட்டியல் கொடுத்து நெட்டுருப் போடச் சொன்னவன் நான்தான்.

ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள்? 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தான். அதன்பின் அரசவையில் பிரெஞ்சு, திருச்சபையில் லத்தீன், ஏர் பிடித்தவன் வாயில் ஆங்கிலம். ‘கேள்’ என்பதற்கு ஆஸ்க் அந்த மண்ணின் சொல், கொஸ்டின் பிரெஞ்சு வழி வந்தது, இன்டராகேட் லத்தீன். தெருவில் வழி கேட்க ஆஸ்க் போதும். இன்டராகேட் என்றால் எதிரே போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். நமக்கு இது புதிதா என்ன? பக்கத்து வீட்டாரிடம் ‘பால் காய்ச்சுகிறோம், வாருங்கள்’ என்கிறோம். அழைப்பிதழில் அது புதுமனை புகுவிழா. புரோகிதருக்குக் கிருகப்பிரவேசம்.

லத்தீன் சொற்களுக்கு வேர் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஸ்பெக்ட் என்றால் பார்ப்பது. இன்ஸ்பெக்டர் உள்ளே புகுந்து பார்ப்பவர். ரெஸ்பெக்ட், திரும்பிப் பார்ப்பது; மதிப்புள்ளவர் கடந்து போனால் திரும்பிப் பார்க்கத்தானே செய்கிறோம்? சஸ்பெக்ட், கீழிருந்து பார்ப்பது. சந்தேகப்பட்டவரை நம் பாட்டிமார் கீழ்க்கண்ணால் பார்ப்பார்களே, அதேதான்.

ஆனால் வேர் மட்டும் தெரிந்தால் என் மாணவன் தப்பியிருக்க மாட்டான். நொட்டோரியஸின் லத்தீன் வேருக்கு ‘அறியப்பட்ட’ என்றுதான் பொருள். கெட்ட பெயர், அது கூடப் பழகிய சொற்களால் வந்தது. அதனால்தான் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, பொருளோடு நிற்காமல் சொல் எந்த வாக்கியத்தில் எப்படி நிற்கும் என்றும் காட்டும் அகராதியைத் தொகுத்தார். 1942-இல் அது டோக்கியோவில் வெளிவந்தது. அத்தகைய அகராதியைத் திறந்தால் பொருளை விடுங்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தை முழுதாக நோட்டில் எழுதுங்கள். வாரத்துக்கு ஐந்து சொல் போதும்.

அந்த மாணவன் போன மாதம் தொலைபேசியில் அழைத்தான். “சார், எங்கள் ஊர் பஸ் நொட்டோரியஸ்லி லேட்” என்றான். முழு மதிப்பெண் போட்டேன்.

வணக்கம்.