‘நோ கமெண்ட்ஸ்’ செல்லாத இடம்

நடுவர் அய்யா அவர்களே, நான் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி அண்ணன் அவர்களே, என் அணித் தோழர்களே, ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்து, என்ன ஆனாலும் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கும் திருவல்லிக்கேணிப் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அண்ணன் பேசி முடித்தபோது தலைப்பு எந்தப் பக்கம் போனது என்று எனக்கே தெரியவில்லை. ‘பத்திரிகையாளரால் மக்களுக்கு அதிகப் பயன் பேனா பிடிக்கும்போதா, நாடாளுமன்றத்தில் மைக் பிடிக்கும்போதா?’ நான் மைக் பக்கம். அண்ணன் மூன்று விஷயம் சொன்னார். எம்.பி. ஆன பத்திரிகைக்காரர் கட்சிக்காரர் ஆகிவிடுவார், கட்சிக் கொறடா கண்ணை உருட்டினால் உட்கார்ந்துவிடுவார், நியமன எம்.பி.யாகப் போனவர்கள் ஏ.சி.யில் நன்றாகத் தூங்கினார்கள். கைதட்டல் வாங்கினார், நானும் தட்டினேன். பதிலுக்கு வருகிறேன், அதற்கு முன்னால் ஒரு பூக்கார அம்மா கதை.

நான் பதினெட்டு வருடம் இந்த ஊரில் ரிப்போர்ட்டராக இருந்தவள். ஒரு ரயில்வே ஸ்டேஷன், எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், லிஃப்ட் வைக்கிறோம் என்று குழி தோண்டி, சுற்றித் தகரம் அடித்து, அப்படியே போட்டுவிட்டார்கள். தகரத்தின் மேல் சினிமா போஸ்டர் ஒட்டி, அது கிழிந்து, அதன் மேல் இன்னொரு படத்தின் போஸ்டரும் ஒட்டி, அந்தப் படமும் தியேட்டரை விட்டு ஓடிவிட்டது, லிஃப்ட் மட்டும் வரவில்லை. விடியற்காலையில் ஒரு பூக்கார அம்மா கூடையோடு வருவார். முட்டி வலி. கூடையை நாலு படி மேலே வைப்பார், கைப்பிடியைப் பிடித்துத் தான் ஏறுவார், மறுபடி கூடையை நாலு படி மேலே வைப்பார். நான் கூடவே ஏறி எண்ணினேன், 62 படி. ரயில் கிளம்பிவிட்டது.

அதிகாரியிடம் கேட்டேன். போன் செய்தால் மீட்டிங். மறுநாளும் மீட்டிங். நேரில் போனால், உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, ‘நோ கமெண்ட்ஸ் மேடம்’ என்றார். டீ நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். என் செய்தி ஏழாம் பக்கத்தில், ஒரு சீட்டுக் கம்பெனி மோசடிக்குக் கீழே, ஒற்றைப் பத்தியில் வந்தது. கிணற்றில் போட்ட கல். எட்டு மாதம் கழித்து ஒரு எம்.பி. அதே ஸ்டேஷனைப் பற்றி எழுத்துமூலம் ஒரு கேள்வி கொடுத்தார். டெண்டர் என்றைக்கு விட்டது, ஒப்பந்ததாரர் எப்போது வேலையை நிறுத்தினார், எவ்வளவு பணம் கொடுத்தாயிற்று, எப்போது முடியும், எல்லாமே அட்டவணை போட்டு, அமைச்சர் பெயரில் பதில் வந்தது. கேள்வி நான் கேட்ட அதே கேள்விதான் அய்யா. எனக்கு டீ, அவருக்குப் பதில்.

என் வாதம் மொத்தமும் இதுதான். பத்திரிகைக்காரருக்குக் கேட்கத் தெரியும், எங்கே தோண்டினால் என்ன வரும் என்று தெரியும், ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதிரில் நிற்பவருக்குக் கிடையாது. காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டால் முடிந்தது. மக்களவையில் கண்ணாடியை ஏற்ற முடியாது. கேள்வி நேரம் நடக்கிற நாளில் 20 கேள்விகளை நட்சத்திரக் கேள்வியாக எடுக்கிறார்கள், முறை வருகிற கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அவர் சொன்னதிலிருந்தே துணைக் கேள்வி கிளம்பும். இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வெளியே ஒரு அமைச்சர் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சபைக்குள் அதே வார்த்தையைச் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும்! அரசின் உறுதிமொழிகளைக் கவனிக்க என்றே ஒரு குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்று, முடியாவிட்டால் அவகாசம் கேள் என்று அது துரத்தும். இழுத்தடிப்பது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இழுத்தடிக்கிறார்கள் என்பதே கணக்கில் ஏறுகிறது.

சரி, பெரிய கதைக்கு வருகிறேன். அண்ணா சாலையில் பஸ்ஸில் போகும்போது எல்.ஐ.சி. கட்டடத்தை எத்தனை தடவை அண்ணாந்து பார்த்திருப்போம்? அந்த எல்.ஐ.சி. பிறந்ததிலும் ஒரு எம்.பி.யின் கேள்விகளுக்குப் பங்கு உண்டு. பெரோஸ் காந்தி. லக்னோவில் நேஷனல் ஹெரால்டு பத்திரிகையை நிர்வகித்தவர், 1952-ல் ரேபரேலியில் ஜெயித்து மக்களவைக்கு வந்தவர். ‘அவர் மேனேஜர்தானே, எழுதினவரா?’ என்று அண்ணன் கேட்பார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அண்ணே, சம்பளம் கொடுக்கக் காசில்லாமல், வழக்குக்கும் பயந்துகொண்டு பத்திரிகை நடத்திப் பாருங்கள், எழுதுவது சுலபம் என்று தெரியும். 1955 டிசம்பரில் அவர் தொழிலதிபர் டால்மியாவின் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர் பணம் என்ன ஆனது என்று சபையில் பிய்த்து எடுத்தார். மறு வருடமே ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி, 245 நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து எல்.ஐ.சி. ஆனது.

அதோடு விட்டாரா? 1957-ல் அதே எல்.ஐ.சி., முந்த்ரா என்கிற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாயைப் போட்டது. பெரோஸ் எழுந்தார். ஆளும் கட்சி எம்.பி., பிரதமர் நேருவுக்கு மாப்பிள்ளை, எதிரில் நிற்கிற நிதியமைச்சரோ நம் ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஆமாம், டி.டி.கே. சாலை டி.டி.கே.தான், பழைய மௌப்ரேஸ் ரோடு. திறமையில் குறை சொல்ல முடியாத மனிதர், பின்னாளில் மறுபடி நிதியமைச்சராகவே வந்தார். ஆனால் அன்றைக்குக் கேள்வி விடவில்லை. நீதிபதி சாக்ளா விசாரணை வைத்தார், பம்பாயில் பொதுமக்கள் முன்னால் விசாரணை, கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா. அண்ணே, மாமனார் மந்திரிசபையில் மாப்பிள்ளை கைவைத்துவிட்டு, அதற்கப்புறம் அந்த வீட்டுக்கே சாப்பிடப் போவது எவ்வளவு கஷ்டம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

இதை விடவும் பெரியது ஒன்று செய்தார், அதை யாரும் பேசுவதில்லை. சபைக்குள் ஒரு எம்.பி. எதைப் பேசினாலும் அவர் மேல் வழக்குப் போட முடியாது, அரசியல் சாசனம் 105-வது பிரிவு. ஆனால் அந்தப் பேச்சை அப்படியே அச்சடித்த பத்திரிகை மேல் போடலாம், அன்றைக்கு அதுதான் நிலைமை. பேசியவர் தப்பித்துக்கொள்வார், அச்சுக் கோத்தவர் கோர்ட்டுக்கு அலைவார். இந்த ஓட்டை யார் கண்ணில் படும்? பத்திரிகை நடத்தியவர் கண்ணில்தான் படும். தனிநபர் மசோதா, அதாவது மந்திரியாக இல்லாத எம்.பி. கொடுக்கும் மசோதா, கொண்டுவந்தார், 1956-ல் சட்டமானது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை உண்மையாக, கெட்ட எண்ணம் இல்லாமல் வெளியிட்டால் பத்திரிகைக்குப் பாதுகாப்பு. தனிநபர் மசோதாக்களில் சட்டமானவை சுதந்திரம் வந்த நாளிலிருந்து மொத்தமே 14, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-ல். அந்தப் பதினாலில் இது ஒன்று.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பெரோஸ் 1960-ல் இறந்துபோனார். நெருக்கடி நிலை வந்தபோது அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசு அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டது. 1977-ல் ஜனதா வந்து திருப்பிக் கொண்டுவந்தது, மறு வருடம் 44-வது திருத்தத்தில் 361-ஏ என்று சாசனத்திலேயே ஏற்றிவிட்டார்கள். நான் பதினெட்டு வருடம் எழுதிய அத்தனை செய்தியையும் ஒரு தட்டில் வையுங்கள், இந்த ஒரு சட்டத்தை இன்னொரு தட்டில் வையுங்கள். என் தட்டு மேலே போய் ஃபேனில் இடிக்கும்.

பேனாவுக்குப் பலம் இல்லையா என்று அண்ணன் கோபப்பட வேண்டாம். 1878-ல் இதே திருவல்லிக்கேணியின் ஆறு இளைஞர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்களே ‘தி இந்து’, அது பேனா பலம்தான். ஆனால் 1987-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் வைத்து ஒரு ஜோக். சட்டமன்ற உரிமை மீறல் என்று ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை! ஊரே கொந்தளித்ததில் சில நாளில் வெளியே விட்டார்கள், அவரும் விடாமல் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு வாங்கினார், அது வேறு கதை. அந்த ஜோக்கையே ஒரு உறுப்பினர் உள்ளே எழுந்து சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மிஞ்சிப்போனால் அவைக்குறிப்பிலிருந்து நீக்கியிருப்பார்கள், ஜெயில் இல்லை.

இப்போது கொறடா. அண்ணே, கட்சித் தாவலைத் தடுக்க 1985-ல் சாசனத்தில் சேர்த்த பத்தாவது அட்டவணையை எடுத்துப் படியுங்கள். கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், அல்லது போடாமல் இருந்தால் பதவி போகும். கேள்வி கேட்டால் பதவி போகும் என்று அதில் எங்கே இருக்கிறது? அடுத்த தேர்தலில் சீட் போகும், பேச நேரம் கொடுக்க மாட்டார்கள், அதெல்லாம் உண்மை, அதை நான் மறைக்கவில்லை. போய் உட்கார்ந்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், பெயர் சொன்னால் நடுவர் என்னைக் கீழே இறக்கிவிடுவார். ஆனால் பேனா பிடித்தவர்களுக்குப் பூட்டே இல்லையா? முதலாளி சொன்னால், விளம்பரதாரர் முகம் சுளித்தால் எத்தனை செய்தி மேஜை டிராயருக்குள் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு அட்டவணையும் கிடையாது, குறிப்பும் கிடையாது.

கட்சிக்காரர் ஆகிவிடுவார் என்றார். நம் ஊரில் பத்திரிகையும் கட்சியும் எப்போது தனித்தனியாக இருந்தன? அண்ணா 1942-லிருந்து ‘திராவிட நாடு’ நடத்தினார், வாங்கிய யாருக்கும் அது நடுநிலை ஏடு என்ற மயக்கம் இருந்திருக்காது. ஆனால் அதை வாசித்தது தமிழ் தெரிந்தவர்கள். 1962-ல் மாநிலங்களவையில் அவர் முதன்முதலில் பேசியபோதுதான், தனித் திராவிட நாடு என்று ஒரு கோரிக்கை தெற்கே இருக்கிறது என்று வடக்கே இருந்தவர்கள் காது கொடுத்தாக வேண்டியிருந்தது. கோரிக்கை சரியா தப்பா என்பது இன்றைக்குத் தலைப்பு இல்லை.

முரசொலி மாறனை எடுத்துக்கொள்ளுங்கள், பேரிலேயே பத்திரிகையைச் சுமந்தவர். 1967-ல் அண்ணா முதலமைச்சராகி விட்டுக்கொடுத்த தென்சென்னையில் இடைத்தேர்தலில் ஜெயித்துப் போனவர், 2001 நவம்பரில் வர்த்தக அமைச்சராக, உலக வர்த்தக அமைப்பின் தோஹா மாநாட்டில் நின்றார். முதலீடு, போட்டிக் கொள்கை என்று நாலு புதிய விஷயங்களைப் பேச்சுவார்த்தைக்குள் நுழைக்கப் பணக்கார நாடுகள் நெருக்கின. மாநாடு ஒரு நாள் நீண்டது. இந்தியா தனியாக நிற்கிறது என்று எழுதினார்கள். அந்த மனிதர் எதற்குச் சண்டை போட்டார் தெரியுமா? ஒரு சொல்லுக்கு. ‘ஒருமித்த கருத்து’ என்றால் போதாது, ‘வெளிப்படையான’ ஒருமித்த கருத்து என்றால் என்ன பொருள் என்று மாநாட்டுத் தலைவர் சபையில் படித்துக் காட்ட வேண்டும், ஒரு நாடு மறுத்தாலும் பேச்சு தொடங்காது என்று சொல்ல வேண்டும் என்றார். சொல்ல வைத்தார். எங்கள் ஆபீஸில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு காற்புள்ளிக்காக அச்சை நிறுத்துகிற சப் எடிட்டரைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. 2004-ல் அந்த நாலில் மூன்றைக் கைவிட்டுவிட்டார்கள். அதைப் பார்க்க மாறன் இல்லை, 2003 நவம்பரில் போய்விட்டார்.

நியமன எம்.பி. விஷயம் சின்னது. சாசனத்தின் 80-வது பிரிவில் இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்றுதான் இருக்கிறது, பத்திரிகை என்று இல்லை. எங்களை எதில் சேர்ப்பது என்று தெரியாமல்தான் எழுதியிருக்கிறார்கள். சில தலைப்புகளைப் பார்த்தால் கற்பனை இலக்கியத்தில் சேர்க்கலாம். தூங்கினார்கள் என்றார் அண்ணன். பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் 2003 வரை நியமன எம்.பி., இறங்கிய பிறகும் மாநிலங்களவைத் தேர்தல் விதியை மாற்றியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். தோற்றார், 2006-ல். தூங்குகிறவர் தோற்கக்கூடப் போக மாட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள் அய்யா, ஒரு நிமிடம். லிஃப்ட் வந்ததா என்று முன் வரிசை அம்மா அப்போதிருந்து கேட்கிறார். வந்தது அம்மா. பதிலில் சொன்ன தேதியைத் தாண்டி ஐந்து மாதம் கழித்து வந்தது. பூக்கார அம்மா முதல் நாள் ஏற மாட்டேன் என்றுவிட்டார், பெட்டிக்குள் போட்டு மூடுகிறார்களே என்று பயம், கூடையை மட்டும் என் பொறுப்பில் அனுப்பினார். அடுத்துப் பேசப்போகிற எதிரணித் தம்பிக்கு ஒரே ஒரு வேண்டுகோள், எல்லாம் பேசு, அந்த 1956 சட்டத்துக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசு. ‘நோ கமெண்ட்ஸ்’ சொன்னால் டீ நான் வாங்கித் தருகிறேன்.