தொட்டில் வளையம்

வணக்கம். இன்று செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், நிற்கிறேன். மேலே உத்தரத்தில் ஓர் இரும்பு வளையம் தெரிகிறதா? தொட்டில் கட்டியது. கயிறு உராய்ந்து உராய்ந்து அடிப்பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. அப்பத்தா 9 பிள்ளைகளை இதில் போட்டு ஆட்டியிருக்கிறார்கள். கடைசியாகக் கட்டியது எனக்கு.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியவர் ஒருவர், "பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், புள்ளி குறைந்துவிட்டது" என்றார். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், கோயில் கணக்கில் மணமான தம்பதி ஒரு புள்ளி. அவர் கவலை நியாயமானது. பழியைப் படிப்பின் மேல் போட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைகள் குறைந்ததில் படிப்புக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரி 2.8 குழந்தைகள், பன்னிரண்டாவதும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8. படித்த பெண் தாமதமாக மணம் முடிக்கிறாள். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்று நம்புகிறாள். அப்பத்தாவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. 9 பெற்றதில் தங்கியது 5. ரங்கூனிலிருந்து ஐயா போட்ட கடிதங்களைக்கூட அடுத்த வீட்டுக் கணக்கப்பிள்ளை படித்துச் சொல்லித்தான் கேட்டார்கள். புருஷன் எழுதியதை அயலார் வாயால் கேட்பது எப்படி இருந்திருக்கும்! பேத்திகளைக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடம் மல்லுக்கு நின்றதும் அதே அப்பத்தாதான்.

என் அக்கா எம்.காம். படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்க்கிறாள். இரண்டாவது பிள்ளைக்கு அவளுக்குக் கொள்ளை ஆசை. யார் பார்த்துக்கொள்வது? அப்பத்தாவுக்கு இந்த வளவில் நாத்தனார், ஓரகத்தி, சின்னாத்தா என்று எத்தனை கைகள் இருந்தன! அக்காவுக்கு மூன்றாம் மாடியில் பூட்டிய கதவு. 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்திலிருந்து, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மூன்றாவதற்கு 12 வாரம்தான். 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அக்காவின் அலுவலகத்தில் 200 பேர். காப்பகம் இல்லை.

பெரியவர்களே, இன்னொரு பிள்ளை பெறச் சொல்வதற்கு முன்னால் அந்தக் காப்பகத்தைக் கேட்டு வாங்கித் தாருங்கள். உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா? இருந்தால் எப்படி நடக்கிறது? கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். அக்காவும் படிப்பாள்.