மாலை போடுவதற்கு முன்

வணக்கம் நேயர்களே. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியாருக்குத் திரும்பத் திறந்தது. இப்போது திருகோணமலை வீதிகளிலும் சத்தமில்லாத புது மின்கார்கள். பின்னால் வந்து நிற்பதே தெரிவதில்லை! அதில் ஒன்று என் வீட்டிலும் நிற்கிறது. அதை எடுத்த அன்று நான் விட்ட பிழையைச் சொல்லத்தான் வந்தேன்.

எடுத்தது பின்னேரம் ஆறரை மணிக்கு. விற்றவர்களே பொனற்றில் பெரிய மாலை போட்டு, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். மனைவியின் கையில் நாலு தேசிக்காய். பத்திரகாளி அம்மன் கோயிலில் ஐயர் காத்திருக்கிறார். நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்து வைத்தேன். மறுநாள் காலை வாடிய மாலையைக் கழற்றினால், அதன் கீழே அரை விரல் நீளத்துக்குப் பெயின்ற் உரிந்து கிடக்கிறது. கேட்டதற்கு, "கோயிலில் தேங்காய் உடைக்கும்போது சிரட்டைத் துண்டு பட்டிருக்கும், ஐயா" என்றார்கள். எனக்குச் சாட்சி தேசிக்காய் மட்டும்தான்.

சரி, நீங்கள் காலை வெயிலில் போங்கள். கார் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும்; ஈரம் கீறலை மறைத்துவிடும். நேரே நின்று பார்க்காமல், குந்தியிருந்து கதவின் நீளத்துக்குக் கண்ணை ஓட்டுங்கள். தகடு நெளிந்திருந்தால் அதில் தெரியும் மின்கம்பமும் நெளியும். உப்புக் காற்று அடிக்கும் ஊர் நமது. தகடு தெரிய உரிந்த இடம் துருப் பிடிக்க நாளாகாது.

மின்காரில் பெரிய பற்றரி வயிற்றுப் பக்கம் இருக்கிறது. பாயை விரித்துப் படுத்து, ரோச் அடித்துப் பாருங்கள். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். ஜக்கைப் பிழையான இடத்தில் வைத்துத் தூக்கியிருந்தால் அந்த அமுக்கம் அங்கேதான் தெரியும்.

அப்புறம் சார்ஜ். அங்கேயே செருகி, ஏறுகிறதா என்று பாருங்கள். வீட்டுச் சார்ஜும் வேகச் சார்ஜும் வேறு வேறு, இரண்டையும் கேளுங்கள். சார்ஜ் பிளக்கும் காருக்குக் கார் மாறும்: சீன உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த காரில் ஜீபீ/ரீ முறை, ஐரோப்பிய முறையில் சிசிஎஸ் 2, ஜப்பானிலிருந்து வந்த பழைய மின்கார்களில் சாடெமோ. கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறவர்கள் நாம். வழியிலுள்ள சார்ஜர் உங்கள் காருக்குப் பொருந்துமா என்பதை ஹபரணையில் போய் நின்று அறியக்கூடாது.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2224 என்றால் 2024இன் 22ஆவது வாரம் செய்தது. செசி இலக்கம் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா? மேலதிகச் சில்லு உண்டா? பல மின்கார்களில் இராது.

போன மாதம் மைத்துனர் கார் எடுக்க நானும் போனேன். ஒரு மணித்தியாலம் பார்த்தோம். பின் விளக்குக்குள் நீர்த்துளி நின்றது. படம் எடுத்து, கையளிப்புத் தாளில் எழுதி, அவர்களின் முத்திரையும் வைத்த பிறகுதான் மைத்துனர் பேனையைத் தொட்டார். அதற்குள் ஐயர் மூன்று தரம் கோல் எடுத்துவிட்டார்.