உமியால் போட்ட கோடு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அன்புத் தங்கையே, பெரும்போக வெட்டு முடிந்த களைப்போடும் வந்து குந்தியிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"மறைந்துபோன ஒரு விவசாயியை ஊர் நினைத்திருப்பது அவர் வீட்டுக்கு உழைத்ததாலா, வெளிக்கு உழைத்ததாலா?" இதுதான் தலைப்பு. வெளிக்கு உழைத்ததால்தான் என்று பேச வந்திருக்கிறேன். யாரை மனதில் வைத்து இந்தத் தலைப்பைப் போட்டார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். போன பங்குனியில் அவரைச் சுடலைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எனக்கு அவர் சொந்தமில்லை. ஆனாலும் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டேன். இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அவர் பெரியப்பா. என் வாதம் அந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது, ஐயா.

தங்கை பேசும்போது எனக்கும் கண் கலங்கியது. மகளை வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப உழவு மாடு இரண்டையும் விற்றார், அன்று இரவு சாப்பிடாமல் படுத்தார் என்றார். முழு உண்மை. நான் ஒரு சொல்லும் மறுக்கவில்லை. ஆனால் தங்கை, அதை அந்த மகள் சாகும்வரை மறக்கமாட்டாள். நாங்கள் ஏன் நினைக்கிறோம்? எங்களுக்கு அவர் மாடு விற்கவில்லையே.

நவகிரிக் குளத்து வாய்க்காலில் எங்கள் வயல் கண்டம் ஆகக் கடைசி. தண்ணி திறந்தால் மேலே இருக்கிற வயலெல்லாம் குடித்துவிட்டு மிச்சம்தான் எங்களுக்கு. பெரியப்பாவின் வயல் மேலே. அவர்தான் வட்டவிதானை, வாய்க்கால் தண்ணியைப் பங்கிட்டு விடுகிறவர். நினைத்திருந்தால் முதல் தண்ணியைத் தனக்கே பாய்ச்சியிருக்கலாம், கேட்க ஆளில்லை. சிறுபோகத்தில் தண்ணி குறைந்த நேரம் அவர் முதலில் செய்வது, தன் வயலுக்குத் தண்ணி பாயும் வாயை, அந்த வக்கடையை, அடைப்பது. மண்ணை வெட்டிப் போட்டு, காலால் மிதித்து, மேலே ஒரு பிடி புல்லையும் வைத்து அமத்துவார். கடைசிக் கண்டத்தில் தண்ணி ஏறும்வரை அதைத் திறக்கமாட்டார். இரவில் டோர்ச்சோடு வாய்க்கால் நெடுக நடப்பார். "ஊர் வயலெல்லாம் நனையுது, நம்மட வயல் வெடிக்குது" என்று பெரியம்மா ஏசுவா. "மறுகா பாப்பம்" என்பதுதான் பதில். அந்தத் தண்ணியில் விளைந்த சோற்றைத்தான் நான் தின்று வளர்ந்தேன்.

சரி, பெரியப்பா பெடியன்களுக்கு நடத்திய விளையாட்டுக்கு வருகிறேன். வயல்காரனுக்கு விளையாட்டு எதற்கு, அந்த நேரம் வீட்டுக்குச் சேர வேண்டியது அல்லவா என்று தங்கை கேட்டார். இந்த மண்ணில் வயலும் விளையாட்டும் எப்போது பிரிந்திருந்தன? கண்ணகை அம்மனை நினைந்து, வடசேரி தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, இரண்டு கொம்புகளைக் கொழுவி இழுத்துக் கொம்பு முறித்தது எதற்காக? மழை பெய்ய வேண்டும், நோய் தீர வேண்டும் என்பதற்காக. இன்னொன்றும் சொல்கிறேன். மட்டக்களப்பு நகரில் வெபர் மைதானம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய இயேசு சபைத் துறவியின் பெயர் அது. அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வீட்டுக்கு உழைத்தால்தான் நினைவு நிற்கும் என்றால் அந்தப் பெயர் எப்படி நின்றது?

எங்கள் பெரியப்பாவின் மைதானத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. வெட்டு முடிந்ததும் தன் வயலிலேயே அரிதாளைச் செதுக்கி வரம்பை மட்டம் தட்டுவார். நெல் ஆலையிலிருந்து இரண்டு மூடை உமி சைக்கிளில் வரும். வரம்பு பிடிக்கிற அதே கயிற்றை இழுத்துக் கட்டி, குனிந்து, கைப்பிடியிலிருந்து உமியை விரல் இடுக்கால் விட்டுக்கொண்டே பின்னால் பின்னால் நடப்பார். கறுத்த மண்ணில் கோடு வெளிறித் தெரியும். வெறுங்காலோடு ஓடுகிற பெடியன்கள் அரை மணித்தியாலத்தில் அழித்துவிடுவார்கள். இடைவேளையில் மறுபடி குனிவார். சாரன் மடியில் விசில். யாராவது கைநீட்டினால் சிவப்பு அட்டை கிடையாது, அடுத்த நாள் மண்வெட்டியோடு வாய்க்கால் துப்புரவுக்கு வர வேண்டும். நானும் இரண்டு தரம் போயிருக்கிறேன். வாய்க்காலுக்குள் இறங்கினால் பக்கத்தில் அவர் நிற்பார், நமக்கு முன்னமே வந்து.

2004 மார்கழி 26. கடல் வந்து கல்லாற்றுப் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. பட்டிருப்புப் பாலத்தால் சனம் எங்கள் பக்கம் வந்தது. மார்கழி என்றால் வெள்ளாமை பச்சை. வீட்டில் கிடந்தது சிறுபோக நெல், அடுத்த வெட்டுவரை அவர்களுக்கே அதுதான் சோறு. அதை அவர் அவித்துக் குத்திப் பாடசாலைக்கு அனுப்பினார். நல்ல குடும்பத் தலைவன் செய்கிற வேலையா இது என்று கேட்டால், கணக்குப்படி இல்லைதான். ஆனால் அந்தச் சோற்றைத் தின்றவர்கள் இன்று இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள்.

தங்கை, வெளிக்குப் போனது வீட்டுக்கு வராமலும் இல்லை. 2011 தை மாத வெள்ளத்தில், வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரை தண்ணிக்குள் கிடந்தது. வடிந்தபோது வெள்ளாமை படுத்துவிட்டது, மெசின் இறங்க முடியாது. பெரியப்பா எலிக்காய்ச்சலோடு ஆசுபத்திரியில். விளையாட்டுக் கழகத்துப் பெடியன்கள் தாக்கத்தியோடு இறங்கினார்கள். எந்த ஊரோடு விளையாடினால் சண்டையில் முடியுமோ, அந்த ஊர்ப் பெடியன்களும் வந்தார்கள். முழங்கால் சேற்றில் நின்று வெட்டி, உப்பட்டி உப்பட்டியாகத் தோளில் சுமந்து மேட்டில் போட்டோம். பாதிக் கதிர் முளைத்திருந்தது. மீதியைத்தான் அந்த வீடு அந்த வருசம் தின்றது. அவர் பெற்ற பிள்ளைகள் மூன்று பேர். வயலில் நின்றது நாற்பது பேர்.

மணி அடிக்கிறது ஐயா, முடித்துக்கொள்கிறேன். இன்று அவருடைய ஓராண்டு ஆட்டம். வரும் வழியில் வயலைப் பார்த்தேன். கடைசிக் கண்டத்துச் சின்னப் பெடியன் ஒருவன், பத்து வயதிருக்கும், குனிந்து உமி விட்டுக்கொண்டு பின்னால் நடந்தான். "முன்னால பார்த்து நட மனே, விழுந்துடுவாய்" என்றேன். நிமிராமலே சொன்னான்: "பெரியப்பா இப்படித்தான் போடுவாராம்."

நாலு மணிக்கு ஆட்டம். எல்லோரும் வாருங்கள்.