கோணல் தெருவில்தான் இருக்கிறது

(செய்யாற்றில் நடந்த கூத்துக் கலைஞர்கள் ஒன்றுகூடலில் பேசியது. மேடையில் நேரம் இல்லாமல் விட்டதில் ஒன்றிரண்டைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

தலைமை வகிக்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கிற ஊராட்சி மன்றத் தலைவர்களே (மூன்று பேர் வந்திருக்கிறீர்கள், நாலாவது நாற்காலிக்கு உரியவர் வழியில் இருப்பதாகச் சொன்னார்கள், அவருக்கும் இப்போதே ஒரு வணக்கம்), வரவேற்புரையிலேயே பாதிக் கூத்தை ஆடிக் காட்டிவிட்ட தமிழாசிரியர் அவர்களே, பந்தலும் மைக்கும் பணம் வாங்காமல் போட்டுக் கொடுத்த சவுண்டு சர்வீஸ் தம்பி அவர்களே, எனக்குப் போர்த்திய சால்வையை இந்த வெயிலிலும் கழற்ற மனசில்லாமல் வைத்திருக்கிறேன் என்பதைக் கவனித்துக்கொண்டிருக்கும் விழாக் குழுவினரே, எல்லோருக்கும் மேலாக, ராத்திரி முழுக்க ஆடிவிட்டு தூங்காமல் நேராக இங்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார்களே, வேஷக்காரர்களே, ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், முகவீணைக்காரர்களே, வணக்கம். உங்களில் யாராவது நான் பேசும்போது கண் அசந்தால் தப்பே இல்லை. மற்றவர்கள் தூங்கக் கூடாது.

இன்றைக்கு மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, ஒரு கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, ஒரு பருவத்துக்கு எப்படித் தயாராகிறது. இரண்டு, ஊர் ஊராகப் போய் ஆடுவதில் உள்ள பாடு. மூன்று, பெண் பிள்ளைகள் கூத்துக்கு வருவது. தலைவர் பதினைந்து நிமிஷம் என்கிறார். பார்ப்போம்.

ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் இதில்தான் ஆரம்பிப்பேன் என்று தெரியும். அதோ, சிரிக்கிறார்கள். இந்தப் பழமொழியை உண்டாக்கினவர் ஒருநாளாவது காலில் சலங்கை கட்டித் தெருவில் இறங்கியிருப்பாரா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஏன் என்று வருகிறேன்.

முதல் விஷயம். வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், உங்கள் ஜமாவில் ஒத்திகை எப்போது நடக்கும் என்று. நம் ஆட்கள் முழிப்பார்கள். ஒத்திகை என்று தனியாக ஏது? பத்து வயசுப் பையன் பின்பாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தட்டிக்கொண்டே பாட்டைக் காதில் வாங்குகிறான், அப்புறம் ஏதோ ஒரு ராத்திரி யாருக்கோ காய்ச்சல் என்று அவன் முகத்தில் அரிதாரம் பூசித் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள், அன்றோடு அவன் வேஷக்காரன். மழைக்காலமும் பனிக்காலமும் பெரும்பாலான பேர் ஏர் ஓட்டவோ நடவுக்கோ போவார்கள். தை பிறந்த பிறகு கட்டைகளைப் பரண் மேலிருந்து இறக்குவார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. உதிர்ந்த கண்ணாடிச் சில்லுகளை ஒட்டி, கிழிந்த ஜிகினாத் தாளை மாற்றி, சலங்கைக்குப் புது வார் போட்டு முடிப்பதற்குள் வெற்றிலை பாக்கும் முன்பணமுமாக ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் துரியோதனன் சாகிற படுகளமும் தீமிதியும். பங்குனி, சித்திரையில் சூடு பிடித்தால் ஆடி, ஆவணி வரைக்கும் ஓயாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டது சரியாக இந்தக் கதவு திறக்கிற நேரத்தில். அந்த வருஷம் நம் ஜமாக்கள் என்ன சாப்பிட்டன என்பதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்த விழா வேறு மாதிரி ஆகிவிடும், விடுங்கள்.

இரண்டாவது, பயணம். சாயங்காலம் வேன் ஊருக்குள் நுழையும். முன்னெல்லாம் மாட்டு வண்டி, அதற்கும் முந்தின காலத்தில் தலைச்சுமை. ஊர்ச் சாப்பாடு முடிந்ததும் ஒரு திண்ணையிலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ வேஷப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால் வேஷம் முடிய இரண்டு மணி நேரமாவது ஆகும். கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்பு. அவரவர் முகத்தை அவரவரே கையளவு கண்ணாடியில் பார்த்து எழுதிக்கொள்வதை ஒரு தடவை கிட்ட நின்று பாருங்கள், கூத்தே பார்க்க வேண்டாம், அதுவே போதும். பத்து மணி வாக்கில் களரி கட்டுவார்கள், அதாவது வாத்தியங்களை முழக்கித் தொடங்குவார்கள். பிள்ளையார் பாட்டு, கோமாளியாக வரும் கட்டியங்காரன், அப்புறம் நடுநிசியில் இரண்டு பேர் திரையைப் பிடிக்க அதன் பின்னால் ராஜ வேஷம் சலங்கையை உதறும் சத்தம் மட்டும் கேட்கும். ஆள் தெரியாது, கிரீடத்தின் நுனி தெரியும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நானெல்லாம் சின்ன வயசில் கோணிப்பையை விரித்து இடம் பிடித்தது.

அந்த வேஷம் திரையை விலக்கிக்கொண்டு வந்து என்ன செய்கிறது? நடக்கவா செய்கிறது? குதிக்கிறது, களரியைச் சுற்றி வருகிறது, கிரிக்கி போட்டுச் சுழல்கிறது, மறுபடி குதிக்கிறது. தலையில் கிரீடம், தோளில் கட்டை, இடுப்பில் புடவைகளை விரித்துக் கட்டிய பாவாடை, இத்தனையையும் சுமந்துகொண்டு வெறுங்காலில். விடிய விடிய. கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்று சும்மாவா சொன்னார்கள். இப்போது சொல்லுங்கள், இவ்வளவும் நடப்பது எதன் மேல்?

மண் மேல் நடந்தது. கோயில் எதிரே, தண்ணீர் தெளித்து அடக்கிய மண் மேல். இப்போது சிமெண்டு மேல் நடக்கிறது, அல்லது பேவர் பிளாக் மேல். இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

மேடையில் இருக்கும் தலைவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தெருவுக்கு சிமெண்டு ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் சேற்றில் வழுக்கி விழுந்த கிழவிகளை எனக்கும் தெரியும். நான் சொல்வது கோயில் எதிரே கூத்து நடக்கிற அந்த ஒரே ஒரு இடம். மண் தரை காலை வாங்கிக்கொள்ளும். சிமெண்டு அப்படியே திருப்பி முழங்காலுக்கு அனுப்பும். பகல் முழுக்கக் காய்ந்த பேவர் பிளாக் ராத்திரி பத்து மணிக்கும் சுடும். ஒரு கல் அமுங்கி ஒரு கல் எழும்பினால் அந்த விளிம்பு கிரிக்கி போடுகிறவனின் கட்டை விரலைக் கிழிக்கும். முன்வரிசையில் இருக்கும் வாத்தியார்களில் முட்டியில் பெல்ட் போட்டிருப்பவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்... பார்த்தீர்களா? இவர்களிடம் போய் ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட முடியுமா?

ஒரு கதை சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்களே நாலைந்து பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பாரதம் நடக்கிறது, அன்றைக்கு அர்ச்சுனன் தபசு, சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்க அவன் தவம் செய்கிற கட்டம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தென்னை உயரத்துக்கு மரம் நட்டு, படி அடித்து, அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறி உச்சியிலிருந்து பூவும் எலுமிச்சம் பழமும் விபூதியும் போடுவான், பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருப்பார்கள். மரம் வந்துவிட்டது. குழி தோண்டக் கடப்பாரையும் வந்துவிட்டது. அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது, கோயில் வாசல் முழுக்கப் போன மாசம்தான் பேவர் பிளாக் போட்டது என்று.

சரி, நாலு கல்லை எடுத்துவிட்டு நடலாம் என்று ஒருத்தர் கடப்பாரையை ஓங்கினார். ஒப்பந்தக்காரர் ஓடி வந்து அந்தக் கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “ஓவர்சியர் இன்னும் அளக்கல, அளவு எழுதுற எம்-புக்குல ஏறல, ஒரு கல்லு குறைஞ்சாலும் என் பில்லு நிக்கும், என் மேலே வேணும்னா நடுங்க.” அவரும் அதே ஊர்தான், காப்புக் கட்டினவர் வேறு. ஆளுக்கொரு யோசனை. டிரம்மில் மணல் கொட்டி அதில் நடலாம் என்றார் ஒருத்தர், அதில் நட்டால் அர்ச்சுனன் நேராகக் கைலாசம்தான் போவான் என்றார் மரம் நடுகிறவர். கரண்டு கம்பத்தோடு சேர்த்துக் கட்டலாம் என்றார் இன்னொருத்தர், லைன்மேன் எழுந்து போயே போய்விட்டார். இளவட்டங்கள் இந்தத் தடவை மரம் இல்லாமல் பெஞ்சு மேல் நின்று தபசு பண்ணட்டும் என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் வந்தது பாருங்கள், அதோடு அந்த யோசனை செத்தது. கூச்சலில் முதல் குரல் யாருடையது தெரியுமா? ஒப்பந்தக்காரருடைய அம்மா. மருமகளுக்காக மடியேந்தக் காத்திருந்தவர். “எழுந்திருடா கல்லை விட்டு” என்று அவர் கத்த, “அம்மா, பில்லும்மா” என்று இவர் கெஞ்ச, அரை மணி நேரம் அதுவே தனிக் கூத்து.

கடைசியில் தெருக்கோடியில், வேர்க்கடலை பிடுங்கிய ஒரு கொல்லையில் மரத்தை நட்டார்கள். கூத்து நடப்பது இங்கே, தபசு மரம் அங்கே. விடிகாலை மூன்று மணிக்குக் கூட்டம் மொத்தமும் பாயைச் சுருட்டிக்கொண்டு அர்ச்சுனன் பின்னால் நடக்கிறது, பெட்டிக்காரர் ஆர்மோனியத்தை இடுப்பில் வைத்து வாசித்துக்கொண்டே வருகிறார், ஊர் நாய்கள் எல்லாம் அர்ச்சுனனைப் பார்த்துக் குரைக்கின்றன. கட்டியங்காரன் விடுவானா? போகிற வழியில் நிறுத்திக் கேட்டான்: “அர்ச்சுன மகாராஜாவே, கோயில் எதிர்ல செய்ய வேண்டிய தபசை ஏன் கொல்லையில செய்யப் போறீங்க?” அர்ச்சுனன் அசரவில்லை. “சிவபெருமான் பாசுபதம் குடுக்க ரெடிதான் கட்டியக்காரா. ஓவர்சியர் இன்னும் அளக்கல.”

சிரித்தாயிற்று. ஆனால் அந்த ஊரில் படுகளத்தன்று என்ன செய்தார்கள்? துரியோதனனை மண்ணில் படுத்த உருவமாகச் செய்ய வேண்டும். டிராக்டரில் மண் கொண்டுவந்து கல் மேல் கொட்டி உருவம் பிடித்தார்கள். பாரதம் முடிந்ததும் அந்த மண்ணை மறுபடி அள்ளிக்கொண்டு போனார்கள், கல் அழுக்காகக் கூடாதாம். ஊருக்குள்ளேயே கூத்துக்கு மண்ணை வாடகைக்கு எடுக்கிற காலம் வந்துவிட்டது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல் நல வாரியம் வந்தது. அதே வருஷம் தொடங்கிய சென்னை சங்கமத்தில் நம் ஆட்கள் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஆடினார்கள். நல்லதுதான். புரிசையில் கண்ணப்ப தம்பிரான் காலத்திலிருந்து அந்தக் குடும்பம் கூத்தை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போய் வந்திருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் ராஜகோபால் வாத்தியார் 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் வைத்து, 2002-ல் குருகுலம் தொடங்கி, ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் ராஜ வேஷம் கட்டி ஆடினதைப் பார்த்த பிறகு, ஸ்திரீ வேஷத்தையே ஆண்தான் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. இது என் மூன்றாவது விஷயம். மணி அடித்துவிட்டார்கள், அதனால் இதோடு நிறுத்துகிறேன். ஆனால் அந்தப் பெண் பிள்ளை கற்றதை எங்கே ஆடப் போகிறாள்? இதே சிமெண்டில்தானே? முப்பது வயசில் அவள் முட்டிக்கும் பெல்ட்டா?

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிற 2000-ஆம் வருஷத்து விதி பற்றியும் பேசச் சொல்லிச் சீட்டு வந்திருக்கிறது. திருவிழாவுக்கு வருஷத்தில் பதினைந்து நாள் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம் என்று அதிலேயே இருக்கிறது, ஆனால் நம் கூத்துக்கு நள்ளிரவு என்பது ராஜ வேஷம் வருகிற நேரம். அது பெரிய சண்டை, சென்னைக்கும் டெல்லிக்கும் போக வேண்டிய சண்டை. நான் கேட்பது உங்கள் ஊராட்சிக்குள்ளேயே முடிகிற காரியம். இந்த மேடையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் நினைத்தால் முடிகிற காரியம். இதோ, நாலாவது தலைவரும் வந்துவிட்டார், வாருங்கள் ஐயா, உங்களைப் பற்றித்தான் பேச்சு. நல்ல விதமாகத்தான்.

கேட்பது இவ்வளவுதான். கோயில் எதிரே முப்பதடிக்கு முப்பதடி மண் தரையாகவே இருக்கட்டும். ஏற்கெனவே கல் பதித்த ஊர்களில் அந்த அளவுக்கு மட்டும் பெயர்த்துவிட்டு மண் போடுங்கள், கல்லை எடுத்துக் குளத்தங்கரைக்குப் போடுங்கள், வீணாகாது. புதிதாக எஸ்டிமேட் போடும்போதே வரைபடத்தில் அந்த இடத்தைக் கட்டம் கட்டி “கூத்துக் களம், தளம் இல்லை” என்று எழுதிவிடுங்கள், ஓவர்சியருக்கும் வேலை மிச்சம். அப்படி எழுதின ஊரில் ஆடின பிறகும் எவனாவது தெருக் கோணல் என்று சாக்குச் சொன்னால், அந்தப் பழமொழியை நானே அவன் முகத்துக்கு நேரே சொல்கிறேன்.

ஆகஸ்ட் 15-ல் எல்லா ஊரிலும் கிராம சபை கூடும். தீர்மானம் எப்படி எழுதுவது என்று ஒரு பக்கத்தில் அடித்து வந்திருக்கிறேன், சாப்பாட்டுப் பந்தல் வாசலில் மேசை மேல் இருக்கிறது, ஊருக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கிறது, எந்தெந்த ஊரில் களம் கல்லாகிவிட்டது என்று ஊர் பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள். பேனாவை நூலில் கட்டித்தான் வைத்திருக்கிறேன், போன கூட்டத்தில் இரண்டு போயிற்று.